தன்னார்வலர் திட்டத்துக்குப் பயிற்றுநர் தேடுகிறீர்களா? எந்தப் பின்னணி எதற்கு உதவும்

தன்னார்வலர்களை நம்பி நடக்கும் சிறிய அறக்கட்டளைகள் ஏதோ ஒரு கட்டத்தில் வெளியிலிருந்து ஒருவரை அழைத்துப் பயிற்சி வைக்கலாம் என்று முடிவெடுக்கின்றன. மாலை நேர டியூஷன் மையம் நடத்துபவர்கள், தனியாக இருக்கும் முதியவர்களைப் போய்ப் பார்த்துவருபவர்கள், படுத்த படுக்கையான நோயாளிகளை வீட்டிலேயே கவனிப்பவர்கள் என்று யாராக இருந்தாலும் சிக்கல் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஜூனில் முப்பது பேர் பெயர் கொடுக்கிறார்கள். தீபாவளி வரும்போது பத்துப் பேர் வருகிறார்கள். பொங்கல் முடிந்தால் ஒருங்கிணைப்பாளரும் இன்னும் இரண்டு பேரும்தான் மிச்சம்.

அப்போது யாரை அழைப்பது? விசாரித்தால் நான்கைந்து பெயர்கள் வரும். ஒருவர் எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலைப் படிப்பை முடித்தவர். இன்னொருவர் ஐ.டி. கம்பெனியில் எச்.ஆர். ஆக இருந்து இப்போது தனியாகப் பயிற்சி கொடுப்பவர். ஒருவர் கல்லூரியில் என்.எஸ்.எஸ். எனப்படும் நாட்டு நலப்பணித் திட்டத்தின் அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் நர்ஸ். நான்கு பேரும் நல்லவர்கள், நான்கு பேருக்கும் அனுபவம் உண்டு. ஆனால் உங்கள் மையத்துக்கு நான்கு பேரும் ஒரே அளவு உதவமாட்டார்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். தன்னார்வலருக்கு வேலையைக் கற்றுத் தருவது ஒரு பயிற்சி. தன்னார்வலர்களை நிர்வகிக்க ஒருங்கிணைப்பாளருக்குக் கற்றுத் தருவது வேறு பயிற்சி. நான்காம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னக் கணக்கை எப்படிப் புரியவைப்பது என்பது முதலாவது. அதைச் சொல்லித் தர வருபவர் மூன்று வாரமாக வராவிட்டால் என்ன செய்வது என்பது இரண்டாவது. ஆட்கள் நிற்கவில்லை என்று வருத்தப்படும் பல மையங்கள் முதலாவது வகைப் பயிற்சிக்கே திரும்பத் திரும்பச் செலவு செய்கின்றன. இருப்பவர்கள் இன்னும் நன்றாகச் சொல்லித் தருகிறார்கள், ஆட்கள் போவது மட்டும் நிற்பதில்லை.

இந்த இரண்டாவது வேலைக்கென்று எல்லாரும் ஒப்புக்கொண்ட பட்டம் எதுவும் நம் ஊரில் இல்லை. அமெரிக்காவில் சி.வி.ஏ. என்று ஒரு சான்றிதழ் இருக்கிறது. தன்னார்வலர் நிர்வாகத்தில் வேலை செய்த அனுபவம் இருந்தால்தான் அந்தத் தேர்வை எழுத முடியும். இந்தத் துறை அங்கே எப்படி உருவானது என்று பார்த்தால் அனுபவத்தைக் கேட்பதன் காரணம் புரியும். அங்கே முதல் தலைமுறைப் பயிற்றுநர்களில் ஒருவரான ஐவன் ஷையர் படிப்பால் உளவியலாளர். கொலராடோவில் போல்டர் நகரத்துச் சிறார் நீதிமன்றத்தில் தன்னார்வலர்களோடு வேலை செய்ததுதான் அவரை இந்தத் துறைக்குக் கொண்டுவந்தது. 1977-ல் பிலடெல்பியாவில் எனர்ஜைஸ் என்ற ஆலோசனை நிறுவனத்தைத் தொடங்கிய சூசன் எல்லிஸ் அதற்கு முன்னால் அந்த நகரத்தின் குடும்ப நீதிமன்றத்தில் தன்னார்வலர் திட்டத்தில் இருந்தவர். வீட்டிலும் பள்ளியிலும் தடுமாறிய பிள்ளைகளோடு சம்பளம் வாங்காத ஆட்களைச் சேர்த்துவைத்து, அந்த உறவு அறுந்துபோகாமல் பார்த்துக்கொண்ட இடங்கள் அவை. எம்.பி.ஏ. வகுப்பிலிருந்து இந்தத் துறை பிறக்கவில்லை.

அதனால் வருபவரின் படிப்பைவிட, இதுவரை எந்தச் சிக்கலோடு அதிக காலம் மல்லுக்கட்டியிருக்கிறார் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அதற்கு உங்கள் ஆட்கள் எந்த இடத்தில் கழன்றுகொள்கிறார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். பெயர் கொடுத்துவிட்டு முதல் நாளே வராதவர்கள் அதிகமா? இரண்டு மாதம் உற்சாகமாக வந்துவிட்டு நின்றுவிடுகிறார்களா? சம்பள ஊழியர்களோடு ஒத்துப்போகாமல் விலகுகிறார்களா? பார்க்கும் வேதனை தாங்காமல் போகிறார்களா? ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆள் வேண்டும்.

எம்.எஸ்.டபிள்யூ. பின்னணியிலிருந்து தொடங்குவோம், தமிழ்நாட்டில் எளிதாகக் கிடைப்பவர்கள் அவர்கள்தான். சென்னை சமூகப்பணிக் கல்லூரி 1952-லேயே தொடங்கியது. இன்று கோவை, திருச்சி, மதுரை என்று பல ஊர்களில் இந்தப் படிப்பு இருக்கிறது. வகுப்பு நடக்கும்போதே வாரத்தில் குறிப்பிட்ட நாட்கள் களப்பணிக்குப் போய், அறிக்கை எழுதி, மேற்பார்வையாளரிடம் பேசிப் பழகியவர்கள். மேற்பார்வை என்பது அதட்டுவதல்ல, உட்கார்ந்து பேசுவது என்பது இவர்களுக்குப் பழக்கத்திலேயே வந்துவிடும். ஒரு தன்னார்வலர் குழந்தை ஒன்றோடு அளவுக்கு மீறி ஒட்டிக்கொள்வதை முதலில் கண்டுபிடிப்பவரும் இந்தப் பின்னணிக்காரராகத்தான் இருப்பார். ஊழியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் நடுவே உரசல் இருக்கும் இடத்துக்கு இவர்களை நம்பி அழைக்கலாம். ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இவர்களில் பலர் பயனாளிகளோடுதான் வேலை செய்திருப்பார்கள், தன்னார்வலர்களோடு அல்ல. சுய உதவிக் குழுவைப் பத்து வருடம் நடத்தியவருக்கு, சனிக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் ஒதுக்கும் வங்கி ஊழியரைக் கையாண்ட அனுபவம் இல்லாமலே இருக்கலாம்.

எச்.ஆர். பின்னணியை நம் துறை ஆட்கள் கொஞ்சம் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். அது சரியில்லை என்பது என் எண்ணம். தன்னார்வலராக வருபவரின் வேலை என்ன, எத்தனை மணி நேரம், யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கும் பழக்கம் நம் அறக்கட்டளைகளில் மிகக் குறைவு. முதல் நாளே வராமல் போகிறவர்களில் பலர் என்ன செய்யப் போகிறோம் என்பது புரியாமல்தான் போகிறார்கள். எச்.ஆர். ஆள் இரண்டு நாளில் இதைச் சரிசெய்து கொடுத்துவிடுவார். சட்டமும் அவருக்குத் தெரியும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ம் வருடச் சட்டத்தில் ஊழியர் என்ற வரையறைக்குள் சம்பளம் இல்லாமல் தன்னார்வமாக வேலை செய்பவரும் வருகிறார். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இத்தகைய புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். ‘எங்களிடம் சம்பளத்துக்கு இருப்பது நான்கே பேர்’ என்று சொல்லும் எத்தனையோ மையங்கள் இதை யோசித்ததே இல்லை. குழந்தைகளோடு வேலை செய்தால், அவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் சேர்ந்துவிடும். ஒரு குழந்தைக்கு எதிராக அப்படியொரு குற்றம் நடந்தது தெரிந்தால் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது அது. இந்தக் கடமை தன்னார்வலருக்கும் உண்டு, அவரை அனுப்பிய உங்களுக்கும் உண்டு. இந்தச் சட்டங்களை வாய்ப்பாடு போலச் சொல்லத் தெரிந்த ஒருவரை ஒருமுறையாவது அழைத்துவிட வேண்டும்.

இவர்கள் தடுமாறும் இடம் வேறு. சம்பளத்தை வைத்து ஆட்களை நிறுத்திப் பழகியவர்கள், சம்பளம் இல்லாத இடத்துக்கும் அதே கருவிகளை எடுத்துவருகிறார்கள். நான் பார்த்த ஒரு மையத்தில் அப்படி வந்தவர் தன்னார்வலர்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடும் படிவம் ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தார். நேரம் தவறாமை, குழு உணர்வு, தொடர்புத் திறன் என்று கட்டங்கள். ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர் இரண்டு வருடமாகச் செவ்வாய் தவறாமல் வந்துகொண்டிருந்தார். தொடர்புத் திறனில் அவருக்கு மூன்று விழுந்தது. அந்த அம்மா கோபப்படவில்லை. காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அடுத்த செவ்வாய் உடம்பு சரியில்லை என்று செய்தி அனுப்பினார். அதற்கப்புறம் வரவே இல்லை. எதற்காக வருகிறோம் என்ற கேள்விக்கு அவரிடம் இருந்த பதில் பிள்ளைகளின் முகங்கள்தான். அதன் மேல் ஒரு எண்ணைக் கொண்டுவந்து வைத்தால் மனசு விட்டுப்போகும்.

கம்பெனிகளின் சி.எஸ்.ஆர்., அதாவது சமூகப் பொறுப்புப் பிரிவிலிருந்து வருபவர்களை எச்.ஆர். ஆட்களோடு சேர்த்துப் பேசுவார்கள், ஆனால் அவர்கள் தனி வகை. 2014 ஏப்ரல் முதல் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனிகள், முந்தைய மூன்று வருடச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இதையொட்டி ஊழியர்களைத் தன்னார்வலர்களாக அனுப்பும் வழக்கமும் வளர்ந்தது. ஊழியர் செலவிடும் நேரத்தைப் பணமாக மாற்றி அந்த 2 சதவீதத்தில் சேர்க்க முடியாது என்று கம்பெனி விவகார அமைச்சகம் விளக்கம் கொடுத்திருக்கிறது. ஆகவே கம்பெனிக்கு அதில் முக்கியமாக வேண்டியது ஊழியரின் ஈடுபாடும் ஒரு நல்ல நாளும். ஒரே நாளில் இருநூறு பேரைக் கூட்டி, பேருந்து, சாப்பாடு, டி-ஷர்ட் என்று எதுவும் பிசகாமல் நடத்துவதில் இவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. கம்பெனிகளிலிருந்து ஆள் எடுக்க விரும்பும் மையத்துக்கு உள்ளே யாரிடம் பேசுவது, எந்த மாதம் கேட்பது என்பதையெல்லாம் சொல்லித் தருவார்கள். வாரா வாரம் ஒரே பிள்ளையோடு உட்கார வேண்டிய வேலைக்கு அவர்களின் அனுபவம் அதிகம் பயன்படாது.

என்.எஸ்.எஸ். பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1969-ல் தொடங்கிய திட்டம், இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் முகாம். திட்ட அலுவலராக இருந்த பேராசிரியர்கள் கல்லூரி மாணவர்களை நன்றாக அறிந்தவர்கள். உங்கள் தன்னார்வலர்கள் பெரும்பாலும் மாணவர்கள் என்றால் அவர்களைவிட நல்ல தேர்வு கிடையாது. நாற்பது வயதுக்காரர்கள் நிறைய இருந்தால் யோசியுங்கள். வருகைப் பதிவும் சான்றிதழும் அந்த வயதில் யாரையும் கட்டிவைப்பதில்லை.

இனி நான் மிகவும் மதிக்கும் பின்னணிக்கு வருகிறேன். நோயாளிகளோடும் துயரத்தில் இருப்பவர்களோடும் பேசத் தன்னார்வலர்களைத் தயார் செய்தவர்கள். கோழிக்கோட்டில் 1993-ல் தொடங்கிய வலி மற்றும் பாலியேட்டிவ் கேர் (தீராத நோயின் வேதனையைத் தணிக்கும் பராமரிப்பு) அமைப்பும், பின்னர் அதிலிருந்து மலப்புறம் பக்கம் பரவிய அக்கம்பக்க வலைப்பின்னலும் டாக்டர், நர்ஸ் அல்லாத ஊர்க்காரர்களைப் பயிற்சி கொடுத்து நோயாளிகளின் வீட்டுக்கு அனுப்பிக் காட்டின. 2008-ல் கேரள அரசு இதற்கென்று ஒரு கொள்கையே கொண்டுவந்தது. சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்பில் இருக்கும் சிநேகாவும் தன்னார்வலர்களைத் தேர்ந்தெடுத்து, காதுகொடுத்துக் கேட்பதைப் பயிற்றுவித்த பிறகே போனில் உட்காரவைக்கிறது.

இந்தப் பின்னணியில் வந்த ஒரு நர்ஸ் நடத்திய பயிற்சியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். பி.பி.டி. எதுவும் இல்லை. இரண்டிரண்டு பேராக உட்காரச் சொன்னார். ஒருவர் ஐந்து நிமிடம் தன் வீட்டில் யாராவது படுத்துக்கிடந்த நாட்களைப் பற்றிப் பேச வேண்டும், மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது. ‘ம்’ போடலாம், அவ்வளவுதான். ஐந்து நிமிடம் முடிந்ததும் கேட்டவர்களிடம் ஒரே கேள்வி: “எந்த இடத்துல உங்களுக்கு ஏதாவது சொல்லணும்னு வாய் வந்துச்சு?” அறையில் இருந்த எல்லாருக்கும் ஒரு இடம் இருந்தது. அநேகமாக எல்லாரும் சொல்ல நினைத்தது ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்பதைத்தான். “சரியாகாதுன்னு அவங்களுக்குத் தெரியும். நீங்க அப்படிச் சொன்னா, உங்ககிட்ட அதைப் பத்தி இனிமே பேச முடியாதுன்னு முடிவு பண்ணிடுவாங்க” என்றார் அந்த நர்ஸ். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பார்க்கும் வேதனை தாங்காமல் ஆட்கள் விலகும் இடங்களுக்கு இவர்களைத்தான் அழைக்க வேண்டும், வேறு யாரையும் அல்ல. முதியோர், புற்றுநோய், மனநலம், வீட்டு வன்முறை என்று எந்த வேலையாக இருந்தாலும் சரி. இவர்களுக்குத் தெரிந்த இன்னொரு விஷயம், ஆளைத் திருப்பி அனுப்புவது. தாயை இழந்து மூன்று மாதமே ஆன ஒருவர் நோயாளிகளைப் பார்க்க வருகிறேன் என்றால், இப்போது வேண்டாம், கொஞ்ச காலம் போகட்டும் என்று அவர் மனம் நோகாமல் சொல்வார்கள். இலவசமாக உழைக்க வந்தவரை எப்படி வேண்டாம் என்பது என்று தயங்கும் நம் மையங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம் இதுவாகவே இருக்கலாம். ஆனால் ஆள் சேர்ப்பது, நேர அட்டவணை, அறங்காவலர்களுக்கு அறிக்கை ஆகியவற்றுக்கெல்லாம் இவர்களை எதிர்பார்க்க வேண்டாம்.

ஆசிரியர்களும், பயிற்சி முகாம்களில் பாடம் எடுக்கும் கருத்தாளர்களும் இன்னொரு வகை. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் இருந்தவர்கள் இன்றும் பல ஊர்களில் பயிற்சி கொடுக்கிறார்கள். புதுக்கோட்டையில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்டது அந்த இயக்கத்தில்தான். பாட்டு, நாடகம், தெருமுனைப் பேச்சு என்று ஊரையே கிளப்பத் தெரிந்தவர்கள். பெயர் கொடுக்கவே ஆள் இல்லை என்ற நிலையில் இருக்கும் கிராமத்து மையத்துக்கு இவர்கள் பெரிய வரம். 2021-ல் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி என்ற மாலை வகுப்புத் திட்டத்தில் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்த ஆசிரியர்கள் சொல்லித்தரும் முறைகளில் கைதேர்ந்தவர்கள். ஒரு வித்தியாசத்தை மட்டும் மறக்க வேண்டாம். இல்லம் தேடிக் கல்வியில் மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை இருந்தது, பின்னால் அரசு இருந்தது. சிறிய தொகைதான், ஆனாலும் அந்த ஏற்பாட்டில் நின்றவர்கள் உங்களிடமும் அதே போல் நிற்பார்கள் என்று கணக்குப் போட முடியாது.

பேரிடர் நிவாரணத்தில் இருந்தவர்களைப் பற்றியும் கேட்கிறார்கள். சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்திலும் 2015 வெள்ளத்தின்போது சென்னையிலும் தானாகத் திரண்டு வந்த கூட்டத்தை வரிசைப்படுத்தி, பதிவு செய்து, வேலைக்கு அனுப்பியவர்களுக்குத் தெரிந்த ஒழுங்கு தனி. முகாம், பெருங்கூட்டம், ரத்ததானம் போன்றவற்றுக்கு நல்லது. தினசரி வேலைக்கு ஒத்துவராது.

கடைசியாக, யாருமே பட்டியலில் சேர்க்காத ஒருவர் இருக்கிறார். உங்களைப் போலவே சின்ன அமைப்பு ஒன்றில் ஐந்தாறு வருடம் ஒருங்கிணைப்பாளராக இருந்தவர். விசிட்டிங் கார்டு இருக்காது, பயிற்றுநர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளவும் மாட்டார். ஆனால் நான்கரை மணிக்கு ‘இன்று வர முடியவில்லை’ என்று செய்தி வந்தால் ஐந்து மணி வகுப்புக்கு யாரை அழைப்பது என்பது அவருக்குத் தெரியும். நவம்பரிலும் ஏப்ரலிலும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு செமஸ்டர் என்பதால், அந்த மாதங்களுக்கு இல்லத்தரசிகளையும் ஓய்வு பெற்றவர்களையும் முன்கூட்டியே பேசிவைத்திருப்பார். ஏழு மணிக்குள் வீடு திரும்ப வேண்டிய பெண்களுக்கு பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து மையத்தை ஒதுக்கியிருப்பார். எனக்குத் தெரிந்த அப்படி ஒருவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. பெயர், கடைசியாக வந்த நாள், வராததற்குச் சொன்ன காரணம் என்று மூன்றே பத்தி. “ரெண்டு வாரம் வரலைன்னா மூணாவது வாரம் நானே போன் பண்ணிடுவேன். ஏன் வரலைன்னு கேக்க மாட்டேன். பிரியா உங்களைத் தேடினான்னு சொல்லுவேன்” என்றார். இரண்டு மாதம் வந்துவிட்டு நின்றுவிடும் ஆட்கள்தான் உங்கள் சிக்கல் என்றால், இந்த நோட்டை வைத்திருப்பவர்தான் உங்களுக்கான பயிற்றுநர்.

அவரிடமும் குறை உண்டு. தன் அமைப்பைத் தாண்டி அதிகம் பார்த்திருக்க மாட்டார். தெரிந்ததைக் கோர்வையாகச் சொல்ல வராது. அறங்காவலர்கள் முன்னால் நிறுத்தினால் கூச்சப்படுவார். அதனால் அவரை மேடையில் ஏற்றி ஒரு நாள் பேசச் சொல்லாதீர்கள். உங்கள் ஒருங்கிணைப்பாளரோடு ஒரு வாரம் உட்காரச் சொல்லுங்கள். போன் பேசுவதைப் பக்கத்திலிருந்து கேட்கட்டும், அட்டவணையைச் சேர்ந்து போடட்டும்.

தமிழ்நாட்டில் நான் பார்த்த பெரும்பாலான சிறிய மையங்களுக்கு என் பரிந்துரை இதுதான்: எச்.ஆர். பின்னணிக்காரர் ஒருவரை இரண்டு நாள் அழைத்துக் காகிதங்களையும் சட்ட விஷயங்களையும் முடித்துக்கொள்ளுங்கள், மீதிப் பணத்தை அந்த அனுபவமுள்ள ஒருங்கிணைப்பாளருக்குச் செலவிடுங்கள். துயரத்தோடு வேலை செய்யும் மையம் என்றால் பாலியேட்டிவ் பின்னணிக்காரர் முதலில், மற்றவர்கள் அப்புறம்.

யாரை அழைத்தாலும் பேசி முடிக்கும் முன்பு மூன்று விஷயம் கேளுங்கள். கடைசியாக ஒரு தன்னார்வலரை வேண்டாம் என்று அனுப்பியது எப்போது, எப்படிச் சொன்னீர்கள்? உங்களோடு இரண்டாவது வருடமும் நின்றவர்கள் யார், ஏன் நின்றார்கள்? பயிற்சிக்கு முன்னால் எங்கள் மையத்துக்கு ஒரு மாலை வந்து சும்மா உட்கார்ந்து பார்ப்பீர்களா? மூன்றாவதற்குத் தயங்குபவர் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் விட்டுவிடலாம். கட்டணத்தில் ஒரு பகுதியை, மூன்று மாதம் கழித்து மறுபடி வந்து பார்க்கும் நாளுக்கு என்று ஒதுக்கி, முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஒருங்கிணைப்பாளரை அழைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவரும் தொண்டு நிறுவன ஆள்தானே என்று சால்வை போர்த்தி அனுப்பிவிடுகிறார்கள். எச்.ஆர். பயிற்றுநருக்கு ஒரு நாளைக்கு என்ன கொடுத்தீர்களோ, அதே தொகையை அவருக்கும் கொடுங்கள்.